உளுந்தங்களியும் உப்பு வாரும் பலகையும்

பூங்குழலி ஏன் சாப்பிடுவதில்லை என்பதற்கு மரக்காணம் உப்பளத்தில் ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். கண் பட்டுவிட்டது என்றார்கள். கடல் பயம் என்றார்கள். வயிற்றில் ஏதோ தங்கிவிட்டது என்றுகூடப் பேசினார்கள். கடைசியில் சாட்சாத் திரௌபதி அம்மனே இறங்கி வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். பூங்குழலியையே கேட்டுவிடலாம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் பதில் வந்திருக்குமா என்பது வேறு விஷயம். தான் ஆண் என்பது பூங்குழலிக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். அதை எந்த வார்த்தையில் சொல்வது என்பதுதான் தெரியாது. ஆகவே பெயர் எப்படியிருந்தாலும் இங்கே அவன் என்றே சொல்லிக்கொண்டு போவோம். ஊர் பேசும் இடத்தில் ஊர் தன் இஷ்டப்படி பேசிக்கொள்ளட்டும்.

எல்லாம் தொடங்கியது 2004 தை மாதம், ஒரு உருண்டை உளுந்தங்களியில். அப்போது அவனுக்குப் பதினாலு வயது. பெரியவளாகிவிட்டாள் என்று தெருவுக்கே தெரியும்படி மைக் செட் கட்டினார்கள். தாய்மாமன் காசிலிங்கம் பச்சை ஓலை வெட்டிவந்து குச்சு கட்டினார். அவனை அதற்குள் உட்காரவைத்து ஒன்பது நாள் வெளியே விடவில்லை. அம்மா வேலம்மாள் தினமும் காலையில் உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து, நல்லெண்ணெய் ஊற்றி எடுத்து வருவாள்.

"முழுங்குடி. இதத் துன்னாத்தான் இடுப்பெலும்பு அகலமா வளரும். நாளைக்குப் புள்ள பெக்கணும்ல? நெஞ்சுல சதை வக்கணும்ல? பாரு, ஓணான் கணக்கா கெடக்குற."

வேலம்மாள் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஆனாலும் எந்த வாத்தியாரும் அவனுக்கு ஒரு பாடத்தை இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை. தன்னைப் பெண்ணாக்கும் சாமான் எதுவென்று இத்தனை நாள் புரியாமல் தவித்தவனுக்குப் பெற்றவளே வாயால் சொல்லிவிட்டாள். சோறுதான் அது. சாப்பிட்டால் இடுப்பு வரும், மார்பு வரும், மாதாமாதம் அதுவும் வரும். சாப்பிடாவிட்டால் வராது. இதைவிடச் சுலபமான கணக்கு ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் கிடையாது. குச்சைப் பிரித்து எரித்த அன்றைக்கே அவன் பட்டினியைத் தொடங்கினான்.

கொடுமை என்னவென்றால், அது பலித்தது. வீட்டில் அவன் சொல்லை யாரும் கேட்டதில்லை. முடி வெட்டிக்கொள்கிறேன் என்றால் அடி விழும், பாவாடை வேண்டாம் என்றால் அதற்கொரு அடி. ஆனால் உடம்பு கேட்டது. வளரத் தொடங்கியதெல்லாம் பாதியில் நின்றது. முதல் சில மாதங்கள் பசி அவனைப் பிறாண்டியது. பிறகு பசியே ஒரு கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. இரண்டு வாய்க்குமேல் தின்றுவிட்ட நாளில் திருடியவன்போல் ஒடுங்கிக் கிடப்பான். அந்த மனநிலைக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒரு பெயர் இருக்கும். வேலம்மாளுக்குத் தெரிந்த பெயர் கண்ணேறு. உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். அந்த ஊரில் உப்புக்குப் பஞ்சமில்லையாதலால் நிறையவே சுற்றினாள்.

அந்த வருஷம் மார்கழியில் கடல் உள்ளே வந்தது. குப்பங்களில் போன உயிர்களைப் பற்றி இங்கே லேசாகப் பேசிவிட்டுப் போவது பாவம், அதனால் பேசவில்லை. உப்பளம் முழுக்கச் சேறாகி, கழிமுகம் எது பாத்தி எது என்று தெரியாமல் கிடந்தது. அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி லாரியாக நிவாரணம் வந்தது. பட்டணத்துப் பழைய துணிகளை மலையாகக் கொட்டினார்கள். பெண்களெல்லாம் அதில் சேலை தேடியபோது, அவன் ஊதாக் கோடு போட்ட ஒரு முழுக்கைச் சட்டையை எடுத்துச் சுருட்டிப் பாவாடைக்குள் சொருகிக்கொண்டான்.

நிவாரணத்தோடு மனநல ஆலோசகர் என்று ஒரு அம்மாவும் வந்தார். பிள்ளைகளுக்குக் கலர் பென்சில் கொடுத்துக் கடலை வரையச் சொன்னார். எலும்பும் தோலுமாக இருந்த பூங்குழலியைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்பப் பரிவாக, "கடலை நினைச்சா பயமா இருக்கா? அதனாலதான் சாப்பாடு இறங்கலையா?" என்று கேட்டார்.

சாப்பிடாததற்கு அவன் பட்டினியைத் தொடங்கிப் பதினோரு மாதம் கழித்து வந்த கடல் காரணமாம். ஆனால் இப்படித் தயாராக ஒரு காரணத்தைக் கையில் கொடுத்தால் வாங்காதவன் முட்டாள். "ஆமாங்க மேடம்" என்றான். அந்த அம்மா கண் கலங்கி, ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். அதை அவன் தெரு நாய்க்குப் போட்டான்.

மாசியில் பாத்திகளைச் சரிசெய்து வேலை தொடங்கியது. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அவனும் அம்மாவோடு உப்பளத்துக்குப் போனான். படிப்பு போயிற்றே என்று மற்ற பிள்ளைகள் அழும் வயதில் இவன் மட்டும் கல்யாணத்துக்குப் போகிறவன்போல் கிளம்பினான். காரணம் சட்டைதான். உப்பளத்தில் வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். அதனால் வேலைக்கு வரும் பெண்கள் எல்லோரும் சேலைக்குமேல் புருஷனுடைய, அண்ணனுடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வார்கள். தலையில் துண்டு. அறுபது வயதுக் கிழவிகூடக் கழுத்துவரை பொத்தான் போட்டு நிற்பாள். அவனும் தன் ஊதாக் கோட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. உலகத்தில் அவனைச் சட்டையோடு சும்மா விட்ட ஒரே இடம் அந்த உப்புவெளிதான். சாயங்காலம் கரையேறும்போது பெண்கள் சட்டையைக் கழற்றி உதறி மடிப்பார்கள். அவனுக்கு மட்டும் அப்போது அழுகை முட்டும்.

அங்கேயும் ஒரு கோடு உண்டு. ஆண்கள் பாத்திக்குள் இறங்கி, நீளக் கம்பு செருகிய பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்குவார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவார்கள். பலகை வரிசை, கூடை வரிசை. பெண் பலகையைத் தொட்டதாகச் சரித்திரமில்லை. அவன் கண்ணெல்லாம் பலகைமேல்தான். மேஸ்திரி தாய்மாமன்தானே என்ற தைரியத்தில் ஒருநாள் கேட்டும்விட்டான்.

"மாமா, நான் பலகை இழுக்கட்டா?"

காசிலிங்கம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? ஒன் எடைக்குப் பலகைதான் ஒன்ன இழுத்துகினு போவும். போ, போயி எதுனா துன்னுட்டு வா."

பலகை வேண்டுமென்றால் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் பெண்ணாகிவிடுவான். பெண்ணுக்குப் பலகை கிடையாது. இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர அவனுக்கு வழி தெரியவில்லை. ஆண் பெண்ணாவதைப் பற்றியாவது அந்த ஊருக்குத் தெரியும். சித்திரை பிறந்தால் கூத்தாண்டவர் கோயிலுக்குத் திருநங்கைகள் பஸ் நிறையப் போவதைப் பார்த்திருக்கிறார்கள். எதிர்த்திசையில் போகும் பஸ் ஒன்றையும் அவன் பார்த்ததில்லை.

2005 ஆவணியோடு அவனுக்கு மாதவிலக்கு நின்றுபோனது. அம்பாரத்தின் பின்னால் உட்கார்ந்து தனியாகச் சிரித்தான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான். கையில் பூனைமுடி முளைத்திருப்பதை மீசைக்கு முன்னோட்டம் என்று எடுத்துக்கொண்டான். உடம்பு குளிர் தாங்காமல் முளைப்பித்த முடி அது. மாடிப்படி ஏறும் அளவுக்குக்கூட வலுவில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை. தெருவில் மாடி வீடே இல்லை என்பது ஒரு காரணம்.

அடுத்த மாசியில் ஒருநாள், கூடையோடு வரப்பில் நடந்தவன் அப்படியே பாத்திக்குள் விழுந்தான். விழுந்தவன் உடம்பு வெட்டி இழுத்தது. கூடை வரிசை கூடைகளைக் கீழே போட்டுவிட்டுக் கத்தியது.

"ஆத்தா வந்துட்டாடி! ஆத்தா வந்துட்டா!"

கற்பூரம் தேடினார்கள். உப்பளத்தில் கற்பூரம் எங்கே இருக்கும்? ஒருத்தி எலுமிச்சம்பழத்துக்கு ஓடினாள். காசிலிங்கம் மட்டும் அவனைத் தூக்கி டிவிஎஸ் வண்டியில் தன் முதுகோடு கட்டிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். பின்னாலேயே ஓடிவந்த வேலம்மாளிடம் டாக்டரம்மா கேட்டார்.

"பொண்ணு கடைசியா எப்ப தூரமாகிக் குளிச்சா?"

"ஆறு மாசம் ஆவுதுங்க."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. சிறுநீர் எடுத்துப் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் சொட்டு விட்டார். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் விஷயம் வாசல் தாண்டி, பஸ் ஸ்டாண்ட் தாண்டி, தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. காலையில் ஆத்தாவாக இருந்தவன் மத்தியானம் மானம் கெட்டவனானான். பிறகு முடிவு தெரிந்தது. கர்ப்பம் இல்லை. டாக்டரம்மா வேலம்மாளை உட்காரவைத்து, "இது வேற மாதிரி நோவும்மா. சாப்பிடாம சாப்பிடாம எல்லாம் நின்னுபோயிருக்கு. இப்படியே விட்டா நெஞ்சும் நின்னுடும். மனசுல எதையோ வச்சிருக்கா. விழுப்புரத்துக்கு எழுதித் தரேன், கூட்டிட்டுப் போங்க" என்றார். இதுவரை அவனைப் பார்த்தவர்களில் உருப்படியாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். ஆனால் வேலம்மாளின் காதில் கடைசி வரைக்கும் போய்ச் சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான்: கர்ப்பம் இல்லை.

திரௌபதி அம்மன் கோயில் தர்மகர்த்தா சிவப்பிரகாசம் மாதவிலக்கு நின்றிருக்கிறது, கர்ப்பம் இல்லை என்று டாக்டரம்மா எழுதியிருந்த சீட்டை வாங்கி இரண்டு தரம் படித்தார். அவருக்கு ஒரு கஷ்டம் இருந்தது. அந்தத் தெருவில் தீமிதி அன்று கரகத்துக்கு முன்னால் ஒரு கன்னிப்பெண், அம்மனைப்போலவே அலங்காரம் செய்துகொண்டு, மஞ்சள் தண்ணீர்க் குடம் சுமந்து போக வேண்டும். காப்புக் கட்டிய நாளிலிருந்து விரதம், நடுவில் தீட்டு வரவே கூடாது. அதனால் சின்னப் பிள்ளைகளைத்தான் அனுப்புவார்கள். போன வருஷம் ஒன்பது வயசுப் பிள்ளை பாதி வழியில் குடத்தைப் போட்டு உடைத்துவிட்டது. தர்மகர்த்தாவுக்குப் பெரிய பெண்ணாகவும் வேண்டும், தீட்டு இல்லாதவளாகவும் வேண்டும். இப்போது அரசாங்கமே சீல் வைத்து ஒரு ஆளை அனுப்பியிருக்கிறது.

"வேலம்மா, ஒன் பொண்ணு சாதாரணப் பொண்ணு இல்ல. ரெண்டு வருஷமா அன்ன ஆகாரம் இல்லாம, தீட்டு இல்லாம இருக்குதுன்னா யாரால ஆவும்? அம்மனே வேணும்னு எடுத்துகினா. இந்தச் சித்திரைக்குக் கொடம் ஒம்பொண்ணுதான்."

வேலம்மாள் அழுதாள். பெருமையில் பாதி அழுகை. மீதிப் பாதி எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து தெருவில் அவனைக் கண்டால் பெண்கள் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். பெண்ணாக இருக்கக் கூடாதென்று உயிரைக் கொடுத்து உழைத்தவனுக்கு, ஊரிலேயே முதல் பெண் என்ற பதவி கிடைத்துவிட்டது.

காப்புக் கட்டினார்கள். தெரு முழுக்கக் கவுச்சி சமைப்பது நின்றது. பாரதக் கூத்தும் தொடங்கியது. திரௌபதி வேஷம் கட்டுவது எப்போதும் தேவநாதன்தான். நாற்பத்தைந்து வயது, நல்ல கட்டுடம்பு, மூன்று பிள்ளைகளுக்கு அப்பா. மீசையை மழித்து, சேலை கட்டி, ரவிக்கைக்குள் துணிப்பந்து வைத்துக்கொண்டு அவர் வந்து நின்றதும் பெரிய மனிதர்களெல்லாம் காலில் விழுந்தார்கள். அவன் கூட்டத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தான். ஆண் சேலை கட்டினால் காலில் விழுகிற தெருவில், அவன் சட்டை போட்டால் மட்டும் ஏன் அடிக்கிறார்கள்? வயிறு எரிந்தது. அது பசியால் மட்டும் இல்லை.

தீமிதிக்கு ஆறு நாள் இருக்கும்போது சிவப்பிரகாசம் வீட்டில் அவனுக்கு அலங்காரம் கட்டிப் பார்த்தார்கள். மஞ்சள் பட்டு, ஒட்டியாணம், சவுரி, கை நிறைய வளையல். ரவிக்கை தொளதொளவென்று தொங்கியது. தர்மகர்த்தாவின் மனைவி தள்ளி நின்று பார்த்து முகம் சுளித்தாள்.

"இன்னாடி இது, ஆம்பளப் பையன் கணக்கா இருக்குது? அம்மன் மாதிரியே இல்லியே. ஏ, தேவநாதன் வக்கிற துணி ரெண்டு இருக்கும் பாரு, எடுத்தா."

கொண்டுவந்தார்கள். இரண்டு பெண்கள் அவன் கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, ஒருத்தி ரவிக்கைக்குள் துணிப்பந்தை வைத்தாள். இன்னொருத்தி இடுப்பில் பழந்துணியைச் சுற்றி அகலமாக்கினாள். பிறகு கண்ணாடி முன் திருப்பி நிறுத்தினார்கள். இரண்டு வருஷம் வயிற்றைக் காயப்போட்டு அவன் கரைத்ததையெல்லாம் இரண்டு நிமிஷத்தில் திரும்ப வைத்துவிட்டார்கள். கண்ணாடியில் அம்மன் நின்றாள். எவ்வளவு இளைத்தாலும் இவர்கள் விடமாட்டார்கள் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசியில் எலும்பு மட்டும் மிஞ்சினாலும் எலும்புக்கு மஞ்சள் பூசிப் பட்டுக் கட்டித்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். அதற்கு அதிக நாள் இல்லை என்றும் தோன்றியது. சாகப் பயமாக இருந்தது. பதினாறு வயதில் யாருக்குத்தான் பயமாக இருக்காது!

மறுநாள் காலை உப்பளத்துக்குப் போனான். கூடை தூக்க வேண்டாம், சும்மா உட்கார்ந்திரு தாயே என்று வரப்பில் துண்டு விரித்து உட்காரவைத்தார்கள். கையில் மஞ்சள் காப்பு. பத்து மணிக்குக் கூடை வரிசை முழுக்கச் சாப்பாட்டுக்கு வரப்பில் உட்கார்ந்தது. கருவாட்டுக்கு உப்பு வாங்க எக்கியார்குப்பத்திலிருந்து வந்திருந்த அம்சவல்லியும் அங்கேயே உட்கார்ந்து தன் தூக்குச்சட்டியைத் திறந்தாள். அவள் மீன்காரி, இந்தத் தெருக் காப்புக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை.

"யக்கா, இன்னா கொழம்பு?" என்றான் அவன்.

"நெத்திலிக் கருவாடும்மா. நீ காப்பு கட்டிகினு இருக்கிற, தள்ளிக் குந்து. வாசனகூடப் படக் கூடாது."

அவன் தள்ளிப் போகவில்லை. கிட்டே வந்து, தூக்கைத் தன் மடிக்கு இழுத்து, கைநிறையச் சோற்றை அள்ளி வாயில் போட்டான். முதல் வாய் தொண்டையிலேயே நின்றது. வேண்டாம் துப்பிவிடு என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. இடுப்பு, மார்பு, இரத்தம் எல்லாம் அந்த ஒரு வாய்ச் சோற்றில் வரிசையாக நின்றன. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட முழுங்கினான். இரண்டாவது வாயும் போட்டான்.

நாற்பது பெண்கள் வாயில் அடித்துக்கொண்டு எழுந்தார்கள். "பாவி! கொலகாரி! தெருவே நாசமாப் போவப் போவுது! ஏ வேலம்மா, பாருடி ஒம் பொண்ண!"

வேலம்மாள் ஓடிவந்தாள். முடியைப் பிடித்து இழுத்து நாலு போடப் போகிறாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளும் அப்படித்தான் கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். கிட்டே வந்து பார்த்தாள். பிள்ளையின் கன்னம் சோற்றால் உப்பியிருந்தது. அந்தக் கன்னத்தை அப்படிப் பார்த்து இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகியிருந்தது. ஓங்கிய கையால் அம்சவல்லியின் சொம்பை எடுத்தாள்.

"மெதுவா. மெதுவாத் துன்னு. விக்கப் போவுது" என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரை நீட்டினாள்.

அன்று சாயங்காலமே கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடியது. சிவப்பிரகாசம் ஏமாந்துபோன கோபத்தில் ரொம்ப நேரம் பேசினார். குடத்தை மறுபடியும் ஒரு சின்னப் பிள்ளையிடம் கொடுத்தார்கள். கூடை வரிசைப் பெண்கள் ஒரே பிடியாக நின்றார்கள்: அம்மனை அவமானம் செய்தவளோடு ஒரே வரிசையில் கூடை தூக்க மாட்டோம், அவள் நிழல் எங்கள்மேல் விழக் கூடாது. சிவப்பிரகாசமும் அதையே தீர்ப்பாகச் சொன்னார்: இனி அவள் எந்தக் காலத்திலும் பெண்கள் வரிசையில் நிற்கக் கூடாது.

ஒரு மனிதன் சாமியிடம் மண்சோறு சாப்பிட்டு வேண்டியிருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக வரம் கிடைத்திருக்காது. தண்டனை என்பதால் அவன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைக்க அது வசதியாகவும் இருந்தது.

காசிலிங்கம் மறுநாள் காலையில் தலையைச் சொறிந்தார். ஆளை வீட்டுக்கு அனுப்பினால் அக்கா பட்டினி கிடப்பாள். கூடை வரிசை ஆகாது. மிச்சம் இருப்பது ஒரு வரிசைதான்.

"துன்னுட்டு வந்தியா?"

"துன்னேன் மாமா."

"இன்னா துன்ன?"

"ரெண்டு சொம்பு கூழு."

"ம். அந்தக் கடேசிப் பலகைய எடு. சின்னது அது."

முதல் வாரம் அவனால் அரைப் பாத்திகூட இழுக்க முடியவில்லை. கை காந்தியது, கால் வெடிப்பில் உப்பு ஏறித் துடித்தான். ஒவ்வொரு வேளையும் அந்த முதல் வாய் முதல்நாள் போலவே சண்டை போட்டது. சில நாள் தோற்றுப்போய் தூக்கை மூடிவைத்துவிடுவான். அன்றைக்குப் பலகை அசையாது. அசையாத பலகையைப் பார்த்துவிட்டு மறுநாள் சாப்பிடுவான். வேலம்மாள் டாக்டரம்மா எழுதித் தந்த சீட்டை மரப்பெட்டியிலிருந்து தேடி எடுத்து, இரண்டு தரம் அவனை விழுப்புரம் கூட்டிக்கொண்டு போய்வந்தாள். வரிசையில் காசிலிங்கம் "ஏம்பா, சேத்துப் போடுங்கப்பா" என்று கத்தும்போது அவனையும் ஆண்களோடு சேர்த்துத்தான் கத்தினார். அவருக்கு அது தெரியவே தெரியாது.

ஆடியில் மாதவிலக்கு திரும்ப வந்தது. வரும் என்று தெரிந்துதான் சாப்பிட்டான். இருந்தாலும் வந்தபோது தாங்க முடியவில்லை. பலகையை வரப்பில் சாய்த்துவிட்டு, அம்பாரத்துக்குப் பின்னால் போய், ஊதாக் கோட்டுச் சட்டையை முகத்தில் இழுத்துப் போர்த்திக்கொண்டு அழுதான். சட்டை இப்போது மார்பில் கொஞ்சம் இறுக்கியது. உள்ளே துண்டை அழுத்திக் கட்டியும் இறுக்கியது. எல்லாவற்றையும் மறுபடி நிறுத்திவிட அவனுக்கு வழி தெரியும். அந்த வழி எங்கே போய் முடியும் என்பதும் இப்போது தெரியும்.

வேலம்மாள் தூக்கோடு தேடிக்கொண்டு வந்தாள். அவன் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. சந்தோஷப்பட்டு வாயைத் திறந்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். உப்பிலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்பது யாருக்கும் தெரியாது, அவளும் கடைசிவரை சொன்னதில்லை. தூக்கைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். சுடுசோறு, பொரித்த மத்தி.

"துன்னுட்டுப் போயிப் பலகைய எடு, மாமன் கத்துறாரு" என்றாள். அப்புறம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "களி கிண்டல. அது இனிமே நம்ம வூட்டுல கெடையாது."